வாலால் வெளிச்சம் அறியும் பாம்பு

ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டுகளில் ஸ்கூபா முக்குளிப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கதை ஒன்று உண்டு. பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் பாறையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போது, எங்கிருந்தோ ஒன்றரை மீட்டர் நீளப் பாம்பு ஒன்று நேராக நீந்தி வரும். வந்தது விலகிப் போகாது. முகக்கண்ணாடிக்கு முன்னால் நின்று நாக்கை நீட்டி நீட்டி இழுக்கும். பயந்து காலை உதறி நகர்ந்தால் பின்னாலேயே வரும். சில சமயம் காலைச் சுற்றிக்கொள்ளும். அபூர்வமாகக் கடிக்கவும் செய்யும்.

பெயர் ஆலிவ் கடல் பாம்பு. ஐபிசூரஸ் லேவிஸ் என்பது அறிவியல் பெயர். 1804-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெபெட் வைத்தது. பழுப்பும் பச்சையும் கலந்த முதுகு, அடிவயிற்றில் வெளிறிய நிறம், தடித்த உடம்பு, பக்கவாட்டில் தட்டையாகித் துடுப்பாகவே மாறிவிட்ட வால். பெரியவை இரண்டு மீட்டரைத் தொடும். வட ஆஸ்திரேலியக் கடல், நியூ கினி, பவளக் கடல், நியூ கலிடோனியா ஆகிய இடங்களின் பவளத்திட்டுகளே இதன் நாடு. கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் அடிக்கடி கண்ணில் படும் கடல் பாம்புகளில் இதுவும் ஒன்று.

இந்த வருகையைத் தாக்குதல் என்றே பல காலமாகச் சொல்லிவந்தார்கள். அதைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. கொடிய விஷமுள்ள பாம்பு தானாகத் தேடி வந்து காலைச் சுற்றினால் வேறு என்ன பெயர் வைப்பது? ஆனாலும் கணக்கு எங்கோ இடித்தது. தரையில் நல்ல பாம்போ கட்டுவிரியனோ ஆளைக் கண்டால் ஒதுங்கத்தான் பார்க்கும். போக வழியில்லாதபோதுதான் கடிக்கும். தின்னவே முடியாத அளவுக்குப் பெரிய ஒரு பிராணியைத் தேடிப் போய்க் கடிப்பதில் பாம்புக்கு என்ன ஆதாயம்? விஷம் வீண், உயிருக்கும் ஆபத்து.

1994, 95-ஆம் ஆண்டுகளில் டிம் லிஞ்ச் என்ற ஆய்வு மாணவர், கிரேட் பேரியர் ரீஃபின் தென்பகுதியில் உள்ள கெப்பல் தீவுகளை ஒட்டி, முனைவர் பட்டத்துக்காக இந்தப் பாம்புகளைப் பின்தொடர்ந்து கொண்டிருந்தார். முறை எளிது. ஒரு பாம்பைக் குறி வைத்துக்கொண்டு அதன் பின்னாலேயே நீந்த வேண்டும். அது என்ன செய்கிறது என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். இப்படிப் பதிவானவை 158 சந்திப்புகள். அவற்றில் 74-இல் பாம்பே அவரைத் தேடி வந்தது. அந்தக் குறிப்புகளை வைத்து, ராஸ் ஆல்ஃபர்ட், ரிக் ஷைன் என்ற இரு உயிரியலாளர்களோடு சேர்ந்து 2021-இல் அவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

அந்த 74 வருகைகளையும் ஆண், பெண் என்றும், மாதவாரியாகவும் பிரித்துப் பார்த்தபோது விஷயம் வெளுத்துவிட்டது. வந்தவற்றில் ஆண்களே அதிகம். வந்த காலமும் பெரும்பாலும் அந்த ஊர்க் குளிர்காலம், அதாவது இந்தப் பாம்புகளின் இணைசேரும் பருவம். ஆண்கள் ஒருமுறை வந்து போவதோடு நிற்கவில்லை. திரும்பத் திரும்ப வந்தன, அதிக நேரம் தங்கின. கால்களைச் சுற்றிய விதம், பெண் பாம்பை ஆண் சுற்றும் அதே விதம். எல்லாவற்றையும்விட முக்கியம், பாய்ந்து வந்த தருணங்கள். துரத்திக்கொண்டிருந்த பெண்ணை ஆண் பாம்பு தவறவிட்ட மறுகணம், இரண்டு ஆண்கள் மோதிக்கொண்ட பிறகு, முக்குளிப்பவர் தப்பியோடப் பார்த்தபோது. இந்த மூன்றிலும்தான் பாய்ச்சல் அடிக்கடி நடந்தது. பெண் பாம்புகள் வேகமாக வந்ததும் உண்டு. அப்போதெல்லாம் அவற்றை ஓர் ஆண் துரத்திக்கொண்டிருந்தது.

ஆக, நடப்பது ஆள்மாறாட்டம். கருப்பு நீச்சலுடையில் நீளமாக அசையும் மனிதக் காலை ஆண் பாம்பு தன் இனத்துப் பெண் என்று எண்ணிக்கொள்கிறது. கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் பாம்பின் பக்கம் நின்று பார்த்தால் இதைவிட இயல்பான தவறு இருக்க முடியாது. தரையில் பெண் பாம்பு ஊர்ந்து போகும் வழியெல்லாம் தோலிலிருந்து கொழுப்பு வகை வேதிப்பொருள்கள் மண்ணில் படியும். ஆண் நாக்கால் அந்தத் தடத்தைத் தடவியே அவளிடம் போய்ச் சேரும். கண் தேவையே இல்லை. கடலில் தடம் பதிய மண் ஏது? அந்தக் கொழுப்புகள் நீரில் எளிதில் கரைந்து பரவுபவையும் அல்ல. நியூ கலிடோனியாவில் ஆலிவ் பாம்பின் உறவான ஆமைத்தலைக் கடல் பாம்பை வைத்து ரிக் ஷைன் நடத்திய ஆய்வுகளில் தெரியவந்தது இதுதான்: ஆண் முதலில் கண்ணால் பார்த்து நெருங்குகிறது, தொட்ட பிறகே வேதிக் குறிப்பால் ஆள் யாரென்று உறுதி செய்கிறது. நீருக்கடியில் பாம்பின் பார்வை கூர்மையானதல்ல. அசையும், நீளமான, கருத்த ஏதோ ஒன்று என்பதற்கு மேல் தூரத்திலிருந்து அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, கிட்டே வந்து நாக்கை நீட்டுவது.

இதிலிருந்து கிடைக்கும் அறிவுரை நம் உள்ளுணர்வுக்கு நேர் எதிரானது. ஓடக் கூடாது. துரத்தப்படும் பெண் பாம்பும் ஓடத்தான் செய்யும். ஆகவே ஓடுபவர் ஆணின் சந்தேகத்தைத் தீர்த்து வைக்கிறார். தட்டிவிடவும் கூடாது. அசையாமல் நின்று, பாம்பு நாக்கை நீட்டி முகர்ந்து, ஏமாந்து, போகும்வரை காத்திருக்க வேண்டும். சொல்வது சுலபம் என்று முக்குளிப்பவர்கள் முணுமுணுப்பார்கள், நியாயம்தான்.

மண்ணில் வாழ வடிவமைந்த உடம்போடு கடலில் காலம் தள்ளுவது இந்தப் பாம்புக்குக் காதலில் மட்டும் சிக்கல் இல்லை. மூச்சிலும் தாகத்திலும் அதே கதைதான்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், ஆஸ்திரேலியாவின் புலிப் பாம்பு எல்லாம் எலாப்பிடே என்ற ஒரே குடும்பம். ஆலிவ் கடல் பாம்பும் அதே குடும்பத்துப் பிள்ளை. ஒரு கோடி ஆண்டுகளுக்கும் குறைவான காலத்துக்கு முன்பு ஆஸ்திரேலியத் தரைப்பாம்புகளின் ஒரு கிளை கடலுக்குள் இறங்கியது. இன்று தரையில் அதற்கு மிக நெருங்கிய உறவு என்று மரபணு ஆய்வுகள் காட்டுவது, கிழக்கு ஆஸ்திரேலியாவின் ஈர நிலங்களில் தவளையும் அரணையும் பிடித்துத் தின்னும் ஹெமியாஸ்பிஸ் என்ற சிறு பாம்பு. அது முட்டையிடாமல் குட்டி போடும். இந்தச் சிறு விவரம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பாம்பு முட்டை நீருக்குள் மூச்சுத் திணறிச் செத்துவிடும். முட்டையிடும் பாம்பு கரையை முழுவதுமாக விட முடியாது. பட்டை பட்டையான லாட்டிகாடா இனப் பாம்புகள் தனியாக இன்னொரு முறை கடலுக்குள் போனவை. அவை இன்றைக்கும் முட்டையிடக் கரைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஹெமியாஸ்பிஸ் வழி உறவுகள் குட்டி போடும் பழக்கத்தைக் கையோடு கொண்டு போனதால் கரைக்கும் அவற்றுக்கும் கணக்குத் தீர்ந்தது. ஆலிவ் பாம்பு பிறப்பதும் கடலில், இணை சேர்வதும் கடலில், சாவதும் கடலில்.

ஆனால் செவுள் கிடையாது. மூச்சுக்கு மேலே வந்தே ஆக வேண்டும். மூக்குத் துளைகள் மூஞ்சியின் மேல்பக்கத்தில் இருக்கின்றன. உள்ளே அடைப்பிதழ் உண்டு. நீர்மட்டத்துக்கு வந்ததும் அது திறக்கும். சில நொடிகளில் ஒரு மூச்சு. மூடிக்கொண்டு மறுபடியும் பாறைக்கு. அந்த ஒரு மூச்சில் அரை மணி நேரம் போகலாம், கடல் பாம்புகளில் சில இரண்டு மணி நேரம்கூடத் தாக்குப் பிடிக்கும். வேலை செய்வது வலது நுரையீரல் ஒன்றுதான். அது உடம்பின் நீளத்துக்கு, வாலடி வரை நீண்டு கிடக்கிறது. அதன் பின்பகுதி காற்றுப் பை. மிதப்பதையும் மூழ்குவதையும் சரிக்கட்ட உதவுகிறது. நுரையீரலோடு தோலும் கைகொடுக்கிறது. மஞ்சள் வயிற்றுக் கடல் பாம்பில் செய்த அளவீடுகளில், தேவையான ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்கு வரை தோல் வழியாகவே நீரிலிருந்து வருவது தெரிந்தது.

தோலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. மனித முக்குளிப்பவர் ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டுகளை முறுக்கும், உயிரையும் எடுக்கும். கடல் பாம்பு நாள் முழுக்க ஏறி இறங்குகிறது, ஒன்றும் ஆவதில்லை. 1974-இல் ரோஜர் சீமோர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்: இரத்தத்தில் ஒரு பகுதி நுரையீரலைத் தவிர்த்துவிட்டுத் தோலுக்குத் திருப்பப்படுகிறது, நைட்ரஜன் அங்கிருந்தே கடல் நீருக்குள் கசிந்து போய்விடுகிறது. வட மேற்கு ஆஸ்திரேலியாவில் எண்ணெய்த் துரப்பண நிறுவனங்கள் அனுப்பிய ஆளில்லா நீர்மூழ்கிக் கேமராக்களில் 2014-இலும் 2017-இலும் சுமார் 240 மீட்டர் ஆழத்தில் கடல் பாம்புகள் பதிவாயின. அவை ஆலிவ் இனம் அல்ல. என்றாலும் இந்த உடலமைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது சாட்சி.

உப்பு விஷயம் சுருக்கமானது. நாக்குக்கு அடியில் ஒரு சுரப்பி உப்பைச் செறிவாக்கி வெளியே தள்ளுகிறது. நாக்கு நீளும்போது உப்பு நீரும் வெளியேறுகிறது. வில்லியம் டன்சனும் உடன் ஆய்ந்தவர்களும் 1971-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். இந்தச் சுரப்பி இருப்பதால் பாம்பு கடல் நீரையே குடித்துக் கொள்கிறது என்று பலர் முடிவு கட்டினார்கள். ஹார்வி லில்லிவைட் சோதித்துப் பார்த்தபோது அவர் எடுத்துக்கொண்ட இனங்கள் தாகத்தால் உடல் வற்றினாலும் கடல் நீரைத் தொடவில்லை. மழை பெய்யும்போது கடலின் மேல் கொஞ்ச நேரம் மிதக்கும் நன்னீர்ப் படலம்தான் அவற்றின் குடிநீர். கோஸ்டா ரிகா கடலில் மழையில்லாத ஆறேழு மாதங்களும் குடிக்காமலே கிடக்கும் பாம்புகளை அவர் பதிவு செய்திருக்கிறார்.

இனி வால்.

ஆலிவ் பாம்பு பகலில் பெரும்பாலும் பவளப் பாறையின் இடுக்கிலோ பொந்திலோ ஓய்வெடுக்கும். தலையை உள்ளே நுழைத்துக்கொள்ளும். உடம்பு மடிந்து மடிந்து உள்ளே போகும். ஒன்றரை மீட்டர் உடம்பின் கடைசியில் இருக்கும் வால் உள்ளே போய்விட்டதா, வெளியே துருத்திக்கொண்டிருக்கிறதா என்று தலைக்கு எப்படித் தெரியும்? வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சுறா வரும். வேங்கைச் சுறாவின் வயிற்றைக் கீறிப் பார்த்தவர்கள் கடல் பாம்பின் மிச்சங்களைப் பலமுறை எடுத்திருக்கிறார்கள்.

1990-இல் கென்னத் சிம்மர்மன், ஹரோல்ட் ஹீட்வோல் இருவரும் இருட்டில் ஆலிவ் பாம்பின் வால் மீது மட்டும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். பாம்பு வாலை இழுத்துக்கொண்டது. உடம்பின் மற்ற இடங்களில் அடித்தபோது இந்த எதிர்வினை இல்லை. ஊர்வனவற்றில் தோலே வெளிச்சத்தை உணரும் என்பதற்கு அதுதான் முதல் சான்று. பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இதைப் பெரிதாக யாரும் தொடரவில்லை. 2019-இல் ஜென்னா குரோ-ரிடெல் குழுவினர் எட்டு இனக் கடல் பாம்புகளை எடுத்து இதே சோதனையை விரிவாகச் செய்தார்கள். வாலை இழுத்தவை மூன்று இனங்கள் மட்டுமே. மூன்றும் ஐபிசூரஸ் பேரினம். அடுத்து வால் தோலில் எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று பார்த்தபோது, வெளிச்சத்தை உணரும் மெலனாப்சின் வகைப் புரதத்தின் மரபணு அங்கே இயங்கிக்கொண்டிருந்தது. மெலனாப்சின் நம் கண்ணிலும் உண்டு. அது காட்சியைக் காட்டுவதற்கல்ல; பகலா இரவா என்று உடம்புக்குச் சொல்வதற்கு. பாம்பின் வாலுக்கும் காட்சி தேவையில்லை. வெளிச்சமா இருட்டா என்ற ஒரே கேள்விக்குப் பதில் கிடைத்தால் போதும். வெளிச்சம் என்றால் இன்னும் கொஞ்சம் உள்ளே இழு.

பரிணாமம் பெரிய வேலைகளைச் செய்யும்போது நாம் வியக்கிறோம். எனக்கென்னவோ கையில் இருந்த ஒரு பழைய புரதத்தை எடுத்து வாலில் ஒட்டவைத்த இந்தச் சின்ன வேலைதான் அதிகம் பிடித்திருக்கிறது. பாறைப் பொந்துகளில் குடியிருக்கும் இந்தப் பேரினத்தில் இது இருக்கிறது, சோதித்த மற்ற இனங்களில் இல்லை என்பதும் கவனிக்க வேண்டியது.

இவ்வளவு தூரம் விஷத்தைப் பற்றிப் பேசாமல் வந்ததற்குக் காரணம் உண்டு. கடல் பாம்பு என்றதும் முதல் கேள்வி 'எத்தனை பேரைக் கொல்லும்?' என்பதாகவே இருக்கிறது. பாம்புக்கு அந்தக் கேள்வியில் அக்கறை இல்லை. விஷம் அதற்கு இரை பிடிக்கும் கருவி.

அந்தி மங்கும் நேரத்தில் அது பாறையை ஒட்டி மெதுவாக நீந்தும். ஒவ்வோர் இடுக்காகத் தலையை விட்டு நாக்கால் துழாவும். உள்ளே தூங்கும் மீன், இறால், மீன் முட்டை என எது கிடைத்தாலும் சரி. சாப்பாட்டில் ஆலிவ் பாம்புக்குப் பெரிய தேர்வு கிடையாது. மீனைக் கடித்தால் அது உடனே செயலிழக்க வேண்டும். தரையில் கடிபட்ட எலி கொஞ்ச தூரம் ஓடிச் செத்தாலும் வாசனை பிடித்துப் போய் எடுத்துக்கொள்ளலாம். கடலில் கடிபட்ட மீன் நான்கு துடுப்படி நீந்தினால் நீரோட்டம் கொண்டுபோய்விடும். அதனால் விஷத்தில் வேகம் வேண்டியிருக்கிறது.

அந்த வேகத்தைத் தருவது மூன்று விரல் நஞ்சுகள் என்ற சிறு புரதங்கள். மூலக்கூறின் வடிவத்தில் மூன்று மடிப்புகள் விரல்களாக நீண்டிருப்பதால் அந்தப் பெயர். மூளை தசையை அசைக்க நினைத்தால் நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் வெளிப்பட்டு, தசையின் மேல் இருக்கும் ஏற்பியில் போய்ப் பொருந்த வேண்டும். நஞ்சின் விரல் அதற்கு முன்பே அந்த ஏற்பியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. பூட்டுத் துளையில் ஈர்க்குச்சியை முறித்துவிட்டால் சாவி நுழையாதே, அதேதான். தசை தளர்கிறது, செவுள் அசைவு நிற்கிறது. அறுபது சொச்சம் அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம் செய்யும் வேலை இது.

விஷம் இரைக்குத்தான் என்பதற்கு நேரடிச் சான்று அதே பேரினத்துக்குள் இருக்கிறது. ஐபிசூரஸ் எய்டூக்சி என்ற பாம்பு மீன் முட்டை மட்டுமே தின்னும். முட்டை ஓடாது, எதிர்க்காது. 2005-இல் மின் லி, பிரையன் ஃப்ரை, மஞ்சுநாத கினி மூவரும் அதன் நஞ்சு மரபணுவைப் படித்தபோது இரண்டு எழுத்துகள் உதிர்ந்து மரபணுவே சிதைந்திருந்தது. நஞ்சின் வீரியம் உறவினங்களோடு ஒப்பிட்டால் ஐம்பது முதல் நூறு மடங்கு குறைந்திருந்தது. தற்காப்புக்கு விஷம் அவ்வளவு முக்கியமாக இருந்திருந்தால் இந்தப் பாம்பு அதைக் கைவிட்டிருக்காது. இரையைக் கொல்லத் தேவையில்லை என்றானதும் கருவி துருப்பிடித்துவிட்டது.

மனிதருக்கு என்ன ஆகும் என்பதை முதலில் முறையாக எழுதியவர் பினாங்கு பொது மருத்துவமனையில் பணியாற்றிய பிரிட்டிஷ் மருத்துவர் அலிஸ்டர் ரீட். 1950-களிலும் 60-களிலும் கடல் பாம்பு கடித்து அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் மீனவர்கள். வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போதோ ஆழமில்லாத நீரில் நடக்கும்போதோ கடிபட்டவர்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சொல்லும்படி விஷம் ஏறவே இல்லை என்பது அவர் கண்டது. பாம்பு கடித்தாலும் பெரும்பாலும் விஷத்தைச் செலவழிப்பதில்லை. விஷம் ஏறியவர்களுக்குக் கடிவாயில் வலியோ வீக்கமோ இருக்காது. அரை மணியோ சில மணி நேரமோ கழித்து உடம்பெல்லாம் தசைவலி, கழுத்தும் கைகாலும் விறைப்பு, இமை தானாகத் தாழ்வது. பிறகு சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். தசை உடைந்து அதன் நிறப்புரதம் இரத்தம் வழியே சிறுநீரகத்துக்கு வந்துவிட்டதற்கான அடையாளம் அது. மனித உடம்பில் கடல் பாம்பு விஷம் முக்கியமாகத் தசையைத் தாக்குகிறது என்பதைக் காட்டியது ரீட்டின் பெரிய பங்களிப்பு.

மலாயாக் கடலில் இந்தக் கடிகளுக்கு முக்கியக் காரணமாக இருந்தது, மூக்கு நுனி அலகாக வளைந்த ஹைட்ரோஃபிஸ் ஸ்கிஸ்டோசஸ். அந்த விஷத்தைக் கொண்டு மெல்போர்னில் இருந்த காமன்வெல்த் சீரம் ஆய்வகம் 1960-களின் தொடக்கத்தில் விஷமுறிவு மருந்து தயாரித்தது. ஆலிவ் பாம்பு உள்பட மற்றக் கடல் பாம்புகளின் கடிக்கும் அது வேலை செய்கிறது. அது கிடைக்காத இடத்தில் தரைவாழ் புலிப் பாம்பின் விஷமுறிவு மருந்தைக் கொடுக்கலாம் என்று ஆஸ்திரேலிய மருத்துவர்கள் அறிந்திருந்தார்கள். ஒரு கோடி ஆண்டுக்குள் பிரிந்த உறவு மருந்துச் சீசாவிலும் தெரிகிறது.

ஹைட்ரோஃபிஸ் ஸ்கிஸ்டோசஸ் நம் வங்கக் கடலோரத்திலும் சாதாரணம். விசைப்படகு மடிகளில் மீனோடு அது ஏறி வருவது நம் மீனவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டு தயாராவது. கடல் பாம்பு விஷம் அதில் கிடையாது. இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை உள்ள நாட்டில் இது ஒரு குறை என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே கடிபட்டவருக்குக் கைகொடுப்பது செயற்கைச் சுவாசமும் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் சிகிச்சையும்தான். ஆகவே வலி இல்லையே என்று வீட்டில் படுக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆஸ்திரேலியாவிலும் ஆபத்து இருப்பது முக்குளிப்பவருக்கு அல்ல, வலை இழுப்பவருக்கு. 2018 அக்டோபரில் வடக்குப் பிரதேசத்தின் குரூட் ஐலண்ட் அருகே இறால் படகில் வலையை இழுத்த இளைஞர் ஒருவர் கடல் பாம்பு கடித்து இறந்தார். அந்த நாட்டில் பல பத்தாண்டுகளில் பதிவான முதல் சாவு அது. அதனால்தான் உலகம் முழுக்கச் செய்தியானது. வலைக்குள் மூச்சு முட்டிச் சாகும் பாம்புகள் செய்தியாவதில்லை.

பாம்பின் பக்கத்துக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஆலிவ் பாம்பின் ஆண் ஏறத்தாழ மூன்று வயதில் பருவமடைகிறது. பெண்ணுக்கு நாலைந்து ஆகும். கர்ப்பம் மாதக்கணக்கில் நீளும். ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து குட்டிகள். ஆயுள் பதினைந்து ஆண்டுகள் அளவில். இடமும் மாறுவதில்லை. 1990-களில் கிரேட் பேரியர் ரீஃபில் பாம்புகளுக்கு அடையாளமிட்டுக் கவனித்த ஹீட்வோலும் உடன் ஆய்ந்த கிளென் பர்ன்ஸும், ஒவ்வொரு பாம்பும் சுமார் 1,500 முதல் 1,800 சதுர மீட்டர் பரப்புக்குள்ளேயே சுற்றி வருவதைக் கண்டார்கள். நம் கணக்கில் அரை ஏக்கருக்கும் குறைவு. பக்கத்துத் திட்டு காலியாகிவிட்டால் இங்கிருந்து குடியேறிப் போய் நிரப்பும் குணம் இதற்கு இல்லை.

அப்படிக் காலியான திட்டு ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கும் திமோருக்கும் நடுவே ஆஷ்மோர் பவளத்திட்டு. 1973-இல் அங்கே போன ஆய்வுக் குழு ஒன்பது இனக் கடல் பாம்புகளைக் கண்டது. 1990-களின் கடைசி வரை அங்கே கணக்கெடுத்தவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 40 பாம்புகளுக்கு மேல் பார்த்தார்கள். உலகிலேயே கடல் பாம்புகள் மிகுந்த பவளத்திட்டு என்று பெயர். 2002-இல் அந்த எண்ணிக்கை பாதியானது. 2006 முதல் ஒற்றை இலக்கம். 2010 வாக்கில் இனங்கள் ஒன்றிரண்டாகச் சுருங்கிவிட்டன. அந்தத் திட்டோ 1983 முதலே சட்டப்படி காப்பகம். இறால் மடி இழுக்கும் இடமும் அல்ல. 1998-இலும் பிறகும் கடல் சூடேறிப் பவளம் வெளிறியது உண்மை. ஆனால் பாம்புகள் மறைந்த காலமும் பவளம் வெளிறிய காலமும் சரியாகப் பொருந்தவில்லை. நோயா, மழைக்குறைவால் குடிநீர்ப் படலம் கிடைக்காமல் போனதா, வேங்கைச் சுறாக்கள் பெருகியதா என்று ஒவ்வொன்றையும் ஆராய்ந்திருக்கிறார்கள். காரணம் இதுதான் என்று யாரும் நிறுவவில்லை.

2021-இல் ஷ்மிட் கடலாய்வு நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி ஆஷ்மோரில் 67 மீட்டர் ஆழத்தில் குட்டை மூக்குக் கடல் பாம்பு ஒன்றைப் படம் பிடித்தது. அந்த இனம் அங்கே தென்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் மேல்திட்டில், முன்பு ஒரே நாளில் நாற்பதைப் பார்த்த இடத்தில், பாம்புகள் திரும்பி வந்துவிட்டன என்று அது சொல்லவில்லை.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் ஆலிவ் கடல் பாம்பு கவலைக்கு இடமில்லாத இனங்களின் வரிசையில் வைக்கப்பட்டது. பரந்த கடலில் பரவி இருக்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அரை ஏக்கரில் ஆயுளைக் கழித்து, நாலைந்து வயதில்தான் தாயாகி, கைவிரல்களுக்குள் அடங்கும் குட்டிகளை ஈனும் பிராணியை வரைபடத்தில் நிறம் தீட்டிய பரப்பைக் கொண்டு மதிப்பிட முடியாது. ஒவ்வொரு திட்டாகப் போய் எண்ண வேண்டும். அதையும் ஆண்டு தவறாமல் எண்ண வேண்டும். ஆஷ்மோரில் எண்ணிக்கொண்டிருந்ததால்தான் அங்கே பாம்புகள் குறைந்ததாவது நமக்குத் தெரிந்தது.